சைக்கிள் ஏறாத மலை

"உங்கட பக்கம் ஒரு சைக்கிளையும் காணேல்லையே, ஏன்?" யாழ்ப்பாணத்துச் சக மாணவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "மலைதானே, யாரு மிதிக்கிறது?" என்று நாங்களும் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். யோசித்துப் பார்த்தால் அந்தப் பதில் அவ்வளவு சரியாகப் படவில்லை. கொழுந்துக் கூடையோடு நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிற சனத்துக்கு ஒரு சைக்கிளை மேலே தள்ளிக்கொண்டு போவது பெரிய வேலையா என்ன? சிக்கல் இறங்கும்போதுதான். அதுவும் மழையில்.

ரயில் ஹட்டனுக்கு வந்தது 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். அதே 1885இல்தான் இங்கிலாந்தில் ஜோன் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்று நாம் சைக்கிள் என்று சொல்லும் உருவம் அதிலிருந்து வந்தது. அந்தக் காலத்துப் பிரேக் கரண்டி மாதிரி ஓர் இரும்புத் துண்டு. கைப்பிடியை அழுத்தினால் அது டயரின் மேலேயே போய் உரசும். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பிறகு, அப்படி உரசினால் டயர் தேய்ந்து போகும் என்ற நிலை. அதனால் பிரேக் ரிம்முக்கு மாறியது. இரும்புக் கம்பிகளால் இழுபட்டு, ரப்பர் கட்டைகள் ரிம்மைப் பிடிக்கிற கம்பி பிரேக் வந்தது. இலங்கைக்கு வந்த ராலி, ஹம்பர் சைக்கிள்களில் இருந்தது இந்தப் பிரேக்தான். கூடவே பளபளவென்று குரோம் பூசிய இரும்பு ரிம். யாழ்ப்பாணத்துச் சமதரைக்கு இது போதும். மிதிப்பதை நிறுத்தினாலே பாதி நின்றுவிடும்.

குரோம் பூசிய இரும்பு நனைந்தால் கதை வேறு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டையின் பிடி, காய்ந்த ரிம்மில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிரேக்கை முழுசாக அழுத்திப் பிடித்தாலும், சக்கரம் சராசரியாக 30 தடவை சுற்றித் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடி ஏறவே தொடங்குகிறது. பழைய பிடி முழுசாகத் திரும்ப இன்னும் 20 சுற்று வேண்டும். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2 மீற்றர் ஓடும். அப்படியென்றால் பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்னமே 60 மீற்றர் போய்விடும். எங்கள் தோட்டத்து றோட்டில் 60 மீற்றருக்குள் ஒரு முடக்கு வந்துவிடும், முடக்குக்குக் கீழே தேயிலைச் சரிவு.

குளிர்காலம் என்றால் ஐரோப்பாவில் பனிக்கட்டியும் உப்பும். நுவரெலியாவிலும் ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும். ஆனால் சைக்கிளுக்கு மோசமான காலம் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று. ஹட்டன், பொகவந்தலாவை பக்கம் அந்த மாதங்களில் மழை நின்றாலும் மூடுபனி நிற்காது. ரிம் காயவே காயாது. பிரேக் கம்பியின் மூட்டுகள் துருப்பிடிக்கும், ரிம்மில் ஒட்டுகிற சேறு கட்டையை அரைத்துவிடும். நம்ம ஆட்களின் கடைசிப் பிரேக் எது என்று எல்லாருக்கும் தெரியும்: செருப்பு. காலைத் தூக்கி முன் டயரில் வைத்து அழுத்துவது. 1880களின் கரண்டிப் பிரேக்குக்கே திரும்பிப் போனோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிரேக்கில் பிடி இருந்தாலும் வெப்பம் இருக்கிறது. கலிபோர்னியாவில் 1976இல் தொடங்கிய ஒரு மலையிறக்கப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரப் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து போகும், திரும்ப அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், நானுஓயா ஸ்டேஷன் 1,623 மீற்றர். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ இறங்கினால் வருகிற சக்தி அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். காற்று வாங்கியது போக மிச்சம் இரண்டு சோடி ரப்பர் கட்டையின் தலையில்.

பிரேக் மட்டும்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. தோட்டத்துச் சம்பளத்தில் சைக்கிள் என்பது பெரிய செலவு. றோட்டும் கொழுந்து லொறிக்கும் துரையின் மோட்டார் சைக்கிளுக்கும் போட்டது. லயத்துக்கு லயம் போகிற பாதை படிக்கட்டும் குறுக்குப் பாதையும்தான்.

எங்களை உறுத்துவது இன்னொன்று. நம் பாட்டன் பூட்டன்மார் வந்த மாவட்டங்களில் ஒன்று புதுக்கோட்டை. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்களின் சைக்கிளையே ஓட்டினார்கள். காய்ந்த சமதரை, காலை ஊன்றினால் நிற்கும். அதே ஊர்களிலிருந்து கப்பலேறியவர்களின் பேத்திமார் அந்த வருஷமும் இங்கே நடந்துதான் மலைக்குப் போனார்கள், நடந்துதான் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். அவர்களுக்கு ஏற்ற பிரேக் எது என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே சைக்கிளைத் தேடியது. நெருக்கடி உச்சத்துக்குப் போன ஜூன், ஜூலை இங்கே சரியான மழைக்காலம். நல்லவேளை, சைக்கிள் மாறியிருந்தது. அலுமினிய ரிம் நனைந்தாலும் இரும்பைவிட எவ்வளவோ நன்றாகப் பிடிக்கும். ஜப்பானிலிருந்து வரும் செகண்ட் ஹேண்ட் சைக்கிள்கள் பலவற்றில் பின்பிரேக் சக்கரத்தின் நடுவே மூடிக்குள் இருக்கும், மழை அவ்வளவாகப் படாது. கத்தும், ஆனால் பிடிக்கும்.

இறக்கத்தில் பிரேக் பேச்சு எங்களுக்குச் சும்மா பேச்சில்லை. நானுஓயா - ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20 அன்று பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 பேர் இறந்தார்கள். அந்த றோட்டில்தான் சைக்கிளும் இறங்குகிறது.

ஆகவே மழையில் ஓட்டுகிறவர்களுக்கு: முடக்குக்கு ரொம்ப முன்னமே பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு ரிம்மைத் துடையுங்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய துணியால் ரிம்மையும் கட்டையையும் துடைத்து, கட்டையில் குத்தியிருக்கும் மணலைக் கிண்டி எடுங்கள். எண்ணெய் மூட்டுக்கும் வயருக்கும் மட்டும், ரிம்மில் ஒரு சொட்டும் படக்கூடாது. கட்டையின் வரிப்பள்ளம் மறைந்தால் உடனே மாற்றுங்கள். பழைய சைக்கிள் வாங்கப் போனால் ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுபோய் ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு. அந்தச் சைக்கிளை யாழ்ப்பாணத்து நண்பருக்குச் சொல்லிவிடலாம்.