கல்லும் நிழற்படமும் பெயரும்

சவ்வாது மலையடிவாரத்தில், செய்யாற்றங்கரையில் அமைந்த செங்கம், பழந்தமிழ் இலக்கியம் பயின்றோர்க்குப் புதிய ஊரன்று. மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா இதுவே என்பர் அறிஞர். இவ்வட்டாரத்து நடுகற்களை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது.

அவற்றுள் எடுத்தனூர் நடுகல் தனிச்சிறப்புடையது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தைச் சேர்ந்த அக்கல், எருமைகளைக் காக்கப் போராடி வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனை நினைவுகூர்கிறது. அவனருகே ஒரு நாயின் உருவமும் உண்டு. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்றும் வட்டெழுத்து கூறுகிறது. உருவம், பெயர், செயல் ஆகிய மூன்றும் ஒரே கல்லில் ஒன்றியிருத்தலே நடுகல்லின் இலக்கணம் எனலாம்.

கண்டெடுத்த நிழற்படங்களையும் காப்பகப் படங்களையும் அச்சில் மீண்டும் வார்த்து, அவற்றின்மேல் வண்ணமும் எழுத்தும் ஒட்டுத்தாளும் சேர்க்கும் கலவை ஊடகக் கலை இன்று பரவலாகக் காணப்படுகிறது. அதன் வரலாற்றை நோக்குவார்க்கு மேற்சொன்ன கல் நல்லதோர் அளவுகோலாகும்.

கல்லிலிருந்து காகிதத்திற்கு உருவம் இறங்கிய முதல் வழி மைப்படியாகும். கல்லைக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் பரப்பி, எழுத்தின் பள்ளங்களில் பதியுமாறு தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுப்பர். கருமையினூடே எழுத்துகள் வெண்மையாய்த் தோன்றும். ஆய்வுக்கென எடுக்கப்படினும் ஒவ்வொரு படியும் ஓர் அச்சோவியமே.

அடுத்த வழி நிழற்படக்கருவி காட்டியது. சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராயிருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டைத் தொடர்ச்சியாகப் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டிச் சேர்த்துச் சுமார் 19 அடி நீளச் சுருளாக அதனை உருவாக்கினார். தம் காகித நெகட்டிவ்கள் பலவற்றில் மேகங்களையும் இலைத்தழைகளையும் வண்ணத்தால் தீட்டியவரும் அவரே. ஒட்டுதலும் தீட்டுதலும் தமிழகத்து நிழற்படக் கலையின் தொடக்கத்திலேயே இருந்தன என்பது இதனால் புலனாகும்.

பின்னர் ஊர்தோறும் எழுந்த ஸ்டூடியோக்கள் இம்முறையை மக்கள் வழக்காக்கின. கருப்பு வெள்ளைப் படத்திற்கு நகையும் பட்டுக்கரையும் வண்ணத்தில் ஏறின. சேர்ந்து படமெடுத்துக் கொள்ளாமலே கணவன் இறந்துவிட்டால், தனித்தனிப் படங்களிலிருந்து முகங்களை எடுத்து இணைத்துத் தம்பதியராக்கித் தருவதும் உண்டு. மாலையிட்டுப் பூசையறையில் வைக்கப்பட்ட அப்படம் அவ்வீட்டின் நடுகல்லாயிற்று.

இதற்கு மாறான வரலாறும் உண்டு. 1868 முதல் 1875 வரை 8 தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் ஆங்கில நூல், மனிதர்களைச் சாதி, குடி, தொழில் என்ற வகைகளுக்குச் சான்றாக நிறுத்தியது. 1890களில் மாரிஸ் விடால் போர்ட்மன் அந்தமான் பழங்குடியினரைக் கட்டமிட்ட திரையின் முன் நிறுத்தி, உடலளவு காணுமாறு படமெடுத்தார். இவ்வகைப் படங்களில் வகைப்பெயர் உண்டு, அளவு உண்டு. அம்மனிதர் வாழ்ந்த வாழ்வு இல்லை.

இக்குறையையே புஷ்பமாலா தம் கலைக்குப் பொருளாக்கினார். கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை அவர் படைத்த 'தென்னிந்தியச் சுதேசப் பெண்கள்' வரிசையில், அத்தகைய கட்டத் திரையின் முன் அளக்கப்படும் பெண்ணாகத் தாமே நின்றார். காண்பவரின் கண் அளவுகோலிலிருந்து விலகி, அளந்த கையின்மேல் திரும்புகிறது.

விவான் சுந்தரம் வேறு வழி சென்றார். தம் பாட்டனார் உம்ராவ் சிங் ஷெர்கில் எடுத்த குடும்பப் படங்களைக் கணினியில் இணைத்து, 2001-2002இல் 'மீண்டும் அமிர்தா' எனத்தகும் தொகுதியை உருவாக்கினார். வெவ்வேறு காலத்து அமிர்தா ஷெர்கிலும் தந்தையும் ஒரே சட்டத்துள் சந்திக்கின்றனர். கற்பனை எவ்வளவு கூடினும் அங்கு எவர் முகமும் பெயரிழக்கவில்லை. அது குடும்பக் காப்பகம் தந்த பேறு.

கண்டெடுத்த படங்களுக்கு அப்பேறில்லை. ஸ்டூடியோக்கள் மூடப்படுகையில் படங்கள் பழந்தாளோடு எடைக்குப் போவதுண்டு. பெயரெழுதிய பதிவேடு முதலில் அழியும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு தமிழ் ஸ்டூடியோப் படங்களைக் கணினிவழிப் பதிவுசெய்தது இந்நிலையில் போற்றத்தக்க பணியாகும்.

பழைய முகமொன்றை எடுத்துப் புதுப்படைப்பில் வைப்பவர், அதன் பெயரையும் ஊரையும் தேடிய பின்னரே கத்திரிக்கோலை எடுத்தல் முறை. தேடியும் கிடைக்காதபோது, அவ்வெற்றிடத்தை அழகால் மூடாது படைப்பில் வெளிப்படையாக விட்டுவைத்தல் நேர்மை. பிறர் வாழ்வைச் சொல்லெடுத்துப் பாடும் கவிஞர்க்கும் இது பொருந்தும். நாயின் பெயரையும் மறவாது பொறித்த செங்கத்துச் சிற்பி, ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்நெறியைக் கைக்கொண்டிருந்தான்.