ஒரு வாசலும் ஒரு துடைப்பமும்

புகைப்படத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. காமிரா பொய் சொல்லாது என்பது ஒன்று. காமிராவுக்கும் கலைக்கும் சம்பந்தமில்லை, எதிரே நிற்பதை அது வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான் என்பது மற்றது. புகழ்ச்சியாகவும் இகழ்ச்சியாகவும் தோன்றும் இவை உண்மையில் ஒரே நம்பிக்கைதான். இரண்டிலும் மனிதன் இல்லை. இந்த நம்பிக்கையைப் புத்தகமாகவே போட்டு வைத்த ஒருவர், அதே புத்தகத்தில் அதை மீறவும் செய்தார். வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1844ல் எடுத்த ‘திறந்த கதவு’ என்ற படத்தைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் வில்ட்ஷைர் பகுதியில் லேகாக் ஆபி என்பது டால்பட்டின் வீடு. ஒரு காலத்தில் கன்னிமாடமாக இருந்தது. அந்த வளாகத்தில் ஒரு பழைய கல்சுவர், அதில் ஒரு வாசல். மரக்கதவு வெளிப்புறமாகத் திறந்திருக்கிறது. சுவரில் கொடி படர்ந்திருக்கிறது. ஒரு லாந்தரும் ஒரு குதிரைக் கடிவாளமும் தொங்குகின்றன. வாசலில் ஒரு துடைப்பம் சாய்ந்திருக்கிறது. கதவின் நிழல் சரிந்து விழ, துடைப்பத்தின் காம்பும் ஏறக்குறைய அதே சாய்வில் நிற்கிறது. உள்ளே இருட்டு. இருட்டுக்கு அப்பால், வெகு மங்கலாக, ஒரு ஜன்னல். ஆள் யாரும் இல்லை. ஆனால் இப்போதுதான் யாரோ வேலையை விட்டு உள்ளே போயிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

நம் வீடுகளில் படம் எடுக்க ஆள் வந்தால் முதலில் துடைப்பத்தைத்தான் மறைவாக எடுத்து வைப்போம். டால்பட் அதை வாசலுக்குக் கொண்டுவந்தார். இந்த ஒரு செய்கையில் ஒரு கலைக் கொள்கை அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தப் படம் ‘இயற்கையின் எழுதுகோல்’ என்ற புத்தகத்தில் ஆறாவது படமாக வந்தது. புகைப்படங்களைத் தாங்கி விற்பனைக்கு வந்த ஆரம்பகாலப் புத்தகங்களில் மிக முக்கியமானது அது. 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகள், மொத்தம் இருபத்துநான்கு படங்கள். ஒவ்வொரு படமும் தனித்தனியாக வெயிலில் பிரதி எடுத்து ஒட்டப்பட்டது. படங்கள் ஒளியினால் மட்டுமே பதிந்தவை, ஓவியனின் கை இவற்றில் படவில்லை என்று புத்தகத்தில் அறிவிப்பு இருக்கிறது. அறிவிப்பு சரிதான். தாளின்மேல் எந்தக் கையும் படவில்லை. ஆனால் துடைப்பத்தின்மேல் பட்டிருக்கிறது.

ஒரு தடவை அல்ல, பல தடவை. இதே வாசலை டால்பட் முன்பே எடுத்துப் பார்த்திருக்கிறார். அந்த முயற்சிகளும் பிழைத்திருக்கின்றன. துடைப்பம் வேறு நிலையில், வெளிச்சம் வேறு விதத்தில். அவற்றில் ஒன்றுக்கு அவருடைய தாயார் லேடி எலிசபெத் ‘துடைப்பத்தின் தனிமொழி’ என்று பெயர் சூட்டினார். நாடக மேடையிலிருந்து எடுத்த பெயர். மகன் அச்சுக்குக் கொடுத்தபோது அந்தப் பெயரை வைக்கவில்லை. ‘திறந்த கதவு’ என்று மட்டும் போட்டார். துடைப்பம் பேசுகிறது என்று சொல்லிக் காட்டவேண்டிய அவசியம் படத்துக்கு இல்லாமல் போயிருந்தது. தலைப்பைத் திருத்துவதும் திருத்தம்தான்.

டால்பட்டுக்குப் படம் வரைய வராது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1833ல் இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில், காமிரா லூஸிடா என்ற வரைகருவியை வைத்துக்கொண்டும் சரியாக வரைய முடியாத ஏமாற்றத்தில்தான், பிம்பம் தானே தாளில் பதிந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. கோட்டை நகர்த்தத் தெரியாதவர் பொருளை நகர்த்தினார். பொருளையும் நகர்த்த முடியாத இடத்தில் சூரியன் நகரும்வரை காத்திருந்தார்.

வேறு வழியும் அவருக்கு அதிகமில்லை. 1840ல் அவர் கண்டுபிடித்த கேலோடைப் முறையில், வெள்ளி அயோடைடு ஏற்றிய தாள்தான் நெகட்டிவ். நல்ல வெயிலிலும் நிமிஷக் கணக்கில் காமிராவைத் திறந்து வைக்கவேண்டும். அந்தத் தாள் நீல வெளிச்சத்துக்கு உடனே கறுக்கும், பச்சைக்கும் சிவப்புக்கும் லேசில் அசையாது. ஆகவே பிரதியில் இலைகள் இருண்டுபோகும், வானம் வெறும் வெளுப்பாகும். நெகட்டிவ் வழியாக வெயிலை விட்டு, உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் தோய்ந்த இன்னொரு தாளில் பிரதி எடுக்கும்போது, காகிதத்தின் நாரும் சேர்ந்து பதிந்துவிடும். விளிம்புகள் கரையும். நாம் இந்தப் படத்தின் சூழல் என்றும் மௌனம் என்றும் சொல்வதில் ஒரு பங்கு இந்த நாருடையது. டால்பட் இதை அறிந்தே அமைத்தார். வானத்தை வெளியே விட்டார். இருட்டு இருட்டாகவே விழும் இடத்தை நடுவில் வைத்தார். சாதனத்தின் குறை படத்தின் பொருளாயிற்று. அவருடைய எடிட்டிங் முழுவதும் காமிராவின் மூடியைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது.

பின்னால் வந்தவர்கள் மூடியைச் சாத்திய பிறகு ஆரம்பித்தார்கள். 1857ல் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ‘வாழ்வின் இரு வழிகள்’ என்ற பெரிய நீதிச் சித்திரத்தைச் செய்தார். அடுத்த வருஷம் ஹென்றி பீச் ராபின்சன், ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரு பெண்ணின் மரணப் படுக்கையை உண்டாக்கினார். சாமர்த்தியமான வேலை, ரகசியமும் இல்லை. ஆனாலும் எனக்கு அந்தப் படம் ஒட்டவில்லை. டால்பட்டும் ஜோடித்தார், ராபின்சனும் ஜோடித்தார், வித்தியாசம் என்ன என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். டால்பட்டின் வாசலில் துடைப்பமும் லாந்தரும் கதவும் ஒரே வெயிலில் நின்றாக வேண்டும். தவறாக வைத்தால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். ராபின்சனின் ஐந்து நெகட்டிவ்களுக்கு ஐந்து வெளிச்சங்கள். துக்கம் அங்கே ஒட்டுவேலையின் விளைவு. எந்த வெயிலும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நான் சங்கடப்படும் ஒரு இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. டால்பட்டின் காகித நெகட்டிவைப் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே மெழுகேற்றிச் செம்மைப்படுத்தினார். அந்த முறையில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1858ல் மதுரையையும் தஞ்சாவூரையும் ஸ்ரீரங்கத்தையும் எடுத்தார். சென்னைக்கு கவர்னராக வந்த ட்ரெவெல்யன் ஆடம்பரச் செலவு என்று நிறுத்தும்வரை அந்த வேலை நடந்தது. காகிதம் வாங்காத மேகங்களை ட்ரைப் நெகட்டிவின்மேல் தூரிகையால் தீட்டினார். மரங்களின் இலைகளையும் தொட்டுச் சரிசெய்தார். நெகட்டிவில் கறுப்பாகத் தீட்டியது பிரதியில் வெளுப்பாக விழும். ஆக, நம் கோபுரங்களைப் பற்றிய ஆதாரமான படங்களில் சிலவற்றில் வானம் கைவேலை.

இதைப் பொய் என்று தள்ள எனக்கு மனமில்லை. காரணம் என் பிழைப்பிலிருந்து வருவது. வங்கிக் கணக்கில் தவறான பதிவை யாரும் அழிக்க முடியாது. எதிர்ப்பதிவு போடவேண்டும். முதல் பதிவும் நிற்கும், திருத்தமும் நிற்கும், போட்டவர் யார் என்பதும் நிற்கும். ட்ரைப்பின் நெகட்டிவ்கள் பிழைத்திருக்கின்றன. வெள்ளி எங்கே முடிகிறது, வண்ணம் எங்கே தொடங்குகிறது என்பதை அவற்றில் பார்க்க முடிகிறது. திருத்தம் தன் தடயத்தை விட்டு வைத்திருக்கிறது. ராபின்சனைவிட அவரை நான் நெருக்கமாக உணர்வதற்கு அதுவே காரணம். ஆனால் டால்பட்டுக்குச் சமமாக வைக்கமாட்டேன். மேகத்துக்கு வெயில் சாட்சி இல்லை.

இவ்வளவையும் நான் புகைப்படத்துக்காக மட்டும் எழுதவில்லை. கவிதை தானாக வந்தது, ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை என்று பெருமைப்படுவது நம் வட்டத்தில் சகஜமாகிவிட்டது. திருத்தினால் அனுபவத்தின் புனிதம் கெட்டுவிடும் என்ற பயம் அது. இதற்கு எதிர்முகாமில், எங்கிருந்தும் எதையும் எடுத்து ஒட்டலாம், உத்திதான் கவிதை என்பவர்கள் இருக்கிறார்கள். முன்னவர்கள் டால்பட்டின் அறிவிப்பை மட்டும் படித்தவர்கள். பின்னவர்கள் ராபின்சனின் பிள்ளைகள். டால்பட் அந்த ஆறாவது படத்துக்கு எழுதிய குறிப்பில் ஹாலந்து ஓவியர்களை நினைவுகூர்கிறார். சாதாரண ஜனங்கள் ஒன்றும் காணாத இடத்தில் ஓவியனின் கண் நின்றுவிடும் என்கிறார். ஓவியனின் கை இல்லை என்றவர், கண் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. அந்தக் கண் துடைப்பத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் நகர்த்தட்டும். கடைசியில் எல்லாம் ஒரே வெயிலில் நின்றால் போதும்.