தென்னார்க்காட்டில் கள்ளும் நஞ்சும்

தமிழ்க் கவிதை கள்ளை இரு கண்களால் கண்டது. சங்கப் பாணர்க்கு நறவும் தேறலும் புரவலரின் கொடைச் சிறப்பு. திருவள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்து, கள்ளை நஞ்சுக்கு நிகராக வைத்தார். அந்த உவமை சொல்லுக்குச் சொல் மெய்யாகிப் போன வரலாறு தென்னார்க்காட்டு மண்ணுக்கு உண்டு.

1690இல் கடலூரின் தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டுப் பொருள் ஈட்டியது. 1886இல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தபின், மதுவரி அரசின் பெருவருவாய்களுள் ஒன்றாக நிலைபெற்றது. இதற்கு எதிர்க்குரலும் இம்மண்ணிலேயே எழுந்தது. சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பெயரால் கல்விப் பணி தொடங்கிய சுவாமி சகஜானந்தர், உழவுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு எழுத்தறிவோடு மதுவிலக்கையும் போதித்தார்.

1937இல் இராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. கடலூருக்கு வடக்கே சில கல் தொலைவில், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுவைக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. தமிழகத்திலும் கடைகள் 1971இல் திறந்தன, 1974இல் மூடின, 1981இல் மீண்டும் திறந்தன.

சட்டங்கள் மாறினும், மலிவான சாராயத்தை நாடும் ஏழையின் நிலை மாறவில்லை. 2001இல் பண்ருட்டி வட்டாரத்தில் 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் அத்துயரமே மீண்டது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மூன்று இடங்களும் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தினவே.

இவ்வுயிர்களைக் குடித்தது மெத்தனால். தொழிற்சாலைக்கு உரிய சாராயம். குடிக்கும் சாராயத்தில் கலந்துவிட்டால் நிறத்தாலோ சுவையாலோ அதைப் பிரித்தறிய இயலாது. உடலுக்குள் சென்றதும் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அவ்வமிலம் விழிநரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கும். குருதியின் அமிலத் தன்மையை ஏற்றி மூச்சையும் முடக்கும். கேடு வெளிப்பட 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அதுவரை தலைவலியும் வாந்தியும் வழக்கமான போதையின் விளைவாகவே தோன்றும். காலத்தில் மருத்துவமனை சேர்ந்தால் மாற்று மருந்தும் குருதிச் சுத்திகரிப்பும் உயிரைக் காக்கக்கூடும். ஊராரின் பழிக்கும் காவலரின் விசாரணைக்கும் அஞ்சி வீட்டுக்குள் மறைக்கப்படும் நேரமே உயிரைப் பறிக்கும் நேரம்.

மாண்டவருள் பெரும்பாலோர் நாட்கூலிகள். அவர்களைப் பழிக்க ஊரில் சொற்கள் பல உண்டு. காக்கும் சொல்லே அரிது. கள்ளைக் கடிந்து பாடுவதோடு கவிஞரின் கடமை முடிவதில்லை. குடித்தவர் கண் மங்குகிறது என்றால், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும் என்பதையும் பாமரர் நாவில் நிற்கும் எளிய தமிழில் பாடிவைத்தல் வேண்டும். பண்ருட்டியும் கள்ளக்குறிச்சியும் தமிழ்க் கவிஞர்பால் வேண்டி நிற்பது அதுவே.