ஆல்ப்ஸ் எதுக்கு பாஸ், பச்சமலை இருக்கே! துறையூரைச் சுற்றி 5 சைக்கிள் ரூட்

சூரியகாந்தித் தோட்டம், நடுவில் வளைந்து வளைந்து போகும் சின்ன தார் ரோடு, அதில் ஹாயாக சைக்கிள் ஓட்டிப்போகும் நாலு பேர். பிரான்ஸ் கிராமத்து ரீல்ஸைப் பார்த்து, 'வாழ்ந்தா இப்படி வாழணும்டா' என்று ஃப்ரெண்டுக்கு ஃபார்வர்டு பண்ணியிருப்பீங்கதானே? ஃப்ளைட் டிக்கெட்டை அப்புறம் பார்க்கலாம். திருச்சியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் இருக்கும் துறையூருக்கு ஒரு தடவை சைக்கிளோடு போய்ப் பாருங்க. ஒரு பக்கம் பச்சமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை, தெற்கே இறங்கினால் காவிரி. சமவெளி, மேடு, மலை என மூன்றும் ஒரே ஊரைச் சுற்றி இருக்கு.

பிரான்ஸில் சைக்கிள்காரர்கள் கொண்டாடுவது பெரும்பாலும் ஹைவேயை இல்லை. ஊரையும் ஊரையும் இணைக்கும், வண்டி அதிகம் போகாத கிளைச் சாலைகளைத்தான். துறையூர் பக்கமும் அதே கதைதான். மெயின் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் பறக்கும். கிராமத்து ரோட்டில் ஆட்டு மந்தைதான் டிராஃபிக். முடிந்தவரை கிளைச் சாலை, முடியாத இடத்தில் விடிகாலை. இதுதான் ரூல்.

ரூட் 1: பெருமாள்மலை (வார்ம்-அப்)

ரொம்ப நாள் கழித்து சைக்கிளைத் தொடுறீங்களா? இங்கிருந்து ஆரம்பிங்க. துறையூர் டவுனிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் பெருமாள்மலை. உச்சியில் பிரசன்ன வேங்கடாசலபதி கோயில். 1,500-க்கும் மேற்பட்ட படிகள் உண்டு, வண்டி போக மலைப்பாதையும் உண்டு. அடிவாரம் வரை போய்த் திரும்பினாலே முதல் நாளுக்குப் போதும். தெம்பு இருந்தால் மலைப்பாதையில் கொஞ்சம் ஏறிப் பார்க்கலாம். புரட்டாசி சனிக்கிழமை மட்டும் வேண்டாம். கூட்டம் அள்ளும்.

ரூட் 2: ஸ்ரீரங்கம் டு துறையூர் (சுமார் 45 கி.மீ.)

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட், மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை, புலிவலம் வழியாகத் துறையூர். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்குப் பேர் போன ஊர். லாரி நடமாட்டம் இருக்கும் என்பதால், விடியும் முன்பே கிளம்பி அந்த இடத்தைத் தாண்டிவிடுவது நல்லது.

திருவெள்ளறையில் கட்டாயம் நிறுத்துங்க. வெண்பாறை மேல் அமைந்த புண்டரீகாட்சப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பக்கத்திலேயே ஸ்வஸ்திக் வடிவத்தில் ஒரு கிணறு. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் வெட்டப்பட்டது, கல்வெட்டில் அதன் பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு. நாலு பக்கமும் படி இறங்கும். ஒரு துறையில் இருப்பவரை அடுத்த துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. அதனால் ஊர்க்காரர்கள் வைத்த செல்லப் பெயர், 'மாமியார் மருமகள் குளம்'!

ரூட் 3: புளியஞ்சோலை (ஒரு பக்கம் சுமார் 30 கி.மீ.)

துறையூரிலிருந்து உப்பிலியபுரம் வழியாகக் கொல்லிமலை அடிவாரம் வரை போகும் ரூட். சின்ன வெங்காயம், சோளம், நெல் என இரண்டு பக்கமும் வயல். மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருசாகிக்கிட்டே வரும். கடைசியில் கொல்லிமலையிலிருந்து இறங்கி வரும் அய்யாற்றுத் தண்ணீரில் காலை நனைக்கலாம். பெரிய ஏற்றம் கிடையாது, கியர் இல்லாத சைக்கிளே போதும். மழைக்காலத்தில் ஆற்றில் திடீரென்று வெள்ளம் வரும் என்பதால், குளிக்கலாமா என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டுவிட்டு இறங்குங்க.

ரூட் 4: பச்சமலை (இதுதான் கெத்து)

உப்பிலியபுரம் பக்கம் உள்ள சோபனபுரத்திலிருந்து மலைப்பாதை ஆரம்பிக்கும். மேலே டாப் செங்காட்டுப்பட்டி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான பச்சமலை, கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 முதல் 1,000 மீட்டர் வரை உயரம் கொண்டது. மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள், மரவள்ளிக் காடு, பலா மரங்கள், மங்களம் அருவி என மேலே வேறு உலகம்.

ஏறும்போது அவசரம் வேண்டாம். முன்னாடி சின்ன பல்சக்கரம், பின்னாடி பெரிய பல்சக்கரம். பேசிக்கிட்டே ஓட்ட முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்குதா? இறங்கித் தள்ளுங்க, அதில் ஒரு அவமானமும் இல்லை. இறங்கும்போதுதான் உண்மையான ஆபத்து. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகிவிடும். விட்டு விட்டுப் பிடிங்க. வளைவுக்குள் போன பிறகு இல்லை, அதற்கு முன்பே வேகத்தைக் குறைங்க. மேலே போன் சிக்னலை நம்பாமல் மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு பண்ணிக்கோங்க.

டூர் டி பிரான்ஸ் போட்டியில் உலகமே பேசும் ஆல்ப் டுயஸ் ஏற்றத்தில் 21 கொண்டை ஊசி வளைவுகள். நம்ம கொல்லிமலைக்கு நாமக்கல் பக்கமிருந்து ஏறினால் 70! பச்சமலை பழகிய பிறகு அடுத்த டார்கெட் அதுதான்.

ரூட் 5: காவிரி சுற்று (சுமார் 110 கி.மீ.)

திருச்சியிலிருந்து குணசீலம் வழியாகக் கரையோரமாகவே முசிறி. கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். அங்கே காவிரியைப் பார்த்துவிட்டு வடக்கே திரும்பினால் சுமார் 25 கிலோமீட்டரில் துறையூர். டிபனை முடித்துவிட்டு, திருவெள்ளறை வழியாகத் திரும்பவும் திருச்சி. முசிறி வரை இருப்பது பரபரப்பான நெடுஞ்சாலை. முதல் வெளிச்சத்திலேயே அதைக் கடந்துடணும்.

இந்தச் சுற்றை முடித்தவர்களுக்கு ஒரு தகவல். 'பிரெவே' என்ற நெடுந்தூர சைக்கிள் பயணமும் பிரான்ஸிலிருந்து வந்ததுதான். 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்கணும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் கிடையாது, முடித்தால் போதும். இந்தியாவிலும் இது நடக்குது. இதன் உச்சம், நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ். 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம்.

எப்போ போகலாம், என்ன எடுத்துட்டுப் போகலாம்?

* சீசன்: டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை பெஸ்ட். கோடையில் 40 டிகிரி வெயில். அப்போ போனால் காலை 8 மணிக்குள் முடிச்சுடுங்க.

* தண்ணி: வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது, வியர்வையில் உப்பும் போகுது. உப்பு போட்ட நீர்மோர், எலுமிச்சை ஜூஸ், வாழைப்பழம் போதும்.

* பஞ்சர்: கருவேல முள்தான் முதல் எதிரி. கியர் சைக்கிள் பலவற்றில் மெல்லிய 'பிரெஸ்டா' வால்வு இருக்கும். அதற்கு 'பிரெஞ்ச் வால்வு' என்றே இன்னொரு பெயர் உண்டு. கிராமத்து பஞ்சர் கடை பம்ப் அதில் பொருந்தாது. ஒரு சின்ன அடாப்டர், ஒரு ஸ்பேர் டியூப், கைப் பம்ப் கட்டாயம்.

* ரோட்டில் களம்: அறுவடை நேரத்தில் நெல்லும் சோளமும் ரோட்டிலேயே காயும். டயர் வழுக்கும். பிரேக் அடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் மெதுவாகப் போங்க. அது ஒருத்தரோட ஒரு போக உழைப்பு, இடம் இருந்தால் ஒதுங்கியே போங்க.

* வெளிச்சம்: ஹெல்மெட், பின்னால் சிவப்பு லைட், பளிச்சென்ற சட்டை. இதில் காம்ப்ரமைஸே கிடையாது.

இது நம்ம ரோடு மட்டும் இல்ல

காலை எட்டு மணிக்கு மேல் இந்த ரோடுகளில் யார் சைக்கிள் ஓட்டுறாங்கன்னு பாருங்க. அரசு கொடுத்த இலவச சைக்கிளில், கேரியரில் புத்தகப் பையோடு போகும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பசங்க. பால்கேன் மாட்டிய அண்ணன். வயலுக்குப் போகும் அக்கா. பக்கத்தில் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் மூலமாக ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். நமக்கு வீக் எண்ட் ஜாலி, அவங்களுக்கு அதுதான் வண்டி. நம்மகிட்ட ஹெல்மெட்டும் லைட்டும் இருக்கு. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டில் வீடு திரும்பும் பொண்ணோட சைக்கிளில் பெரும்பாலும் ஒரு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்கூட இருக்காது.

பிரான்ஸில் ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் கார், குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். அந்த நாட்டு கிராமத்து ரோடு சைக்கிளுக்குச் சுகமாக இருப்பதற்கு சூரியகாந்தி மட்டும் காரணம் இல்லை. நம்ம ஊரில் ஒரு ஹாரன் அடித்துவிட்டு உரசிக்கிட்டே போவதுதான் பழக்கம். ஒரு தடவை புலிவலம் ரோட்டில் லாரி காற்று உங்களைத் தள்ளிவிட்டுப் போனால், அதன் பிறகு நீங்க கார் ஓட்டும்போது சைக்கிளைப் பார்த்தாலே கை தானாக ஸ்டீயரிங்கை ஒதுக்கும்.

அதனால் அடுத்த ஞாயிறு அலாரம் வைங்க. பையில் ஸ்பேர் டியூபோடு நாலு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் போட்டுக்கோங்க, விலை ரொம்பக் கம்மிதான். டீக்கடையில் நிற்கும்போது பக்கத்தில் இருக்கும் ஸ்கூல் சைக்கிள் யாருடையது என்று கேட்டு, பின் மட்கார்டில் ஒண்ணு ஒட்டிவிட்டு வாங்க.