கணக்குக் கேட்டவர்கள் – 14: கடற்படையை மடக்கிய படகுக்காரர்

1943 ஜூன் 17-ம் தேதி அமெரிக்க செனட்டர் ட்ரூமனுக்கு வந்த தொலைபேசி அழைப்பை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்கிறேன். அதற்குள் நியூ ஆர்லியன்ஸில் ஒரு படகுக்காரரை எட்டிப் பார்த்துவிடுவோம். அவரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

விட்ட இடம் நினைவிருக்கும். 1941 மார்ச்சில் ட்ரூமன் கமிட்டி உருவாகிறது. ராணுவச் செலவைத் துருவ அவர் கேட்டது 25,000 டாலர். செனட் கொடுத்தது 15,000. அதில் 9,000 டாலர் தலைமை வழக்கறிஞர் ஹியூ ஃபுல்டனின் சம்பளத்துக்கே போய்விட்டது. ராணுவ முகாம்களில் பணம் கொட்டுவதைத் தன் காரிலேயே சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர் ட்ரூமன். அரசியல் தாதா பெண்டர்காஸ்டின் கையாள் என்று வாஷிங்டன் அவரை இளக்காரமாகப் பார்த்தது. அந்தப் பழைய கதையைத் திரும்ப எழுத இங்கே இடமில்லை.

நியூ ஆர்லியன்ஸுக்கு வருவோம்.

ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ். விஸ்கிப் பிரியர். வாயைத் திறந்தால் வசவு. லூசியானா சதுப்புநிலத்தில் வேட்டைக்காரர்களும் எண்ணெய் தோண்டுபவர்களும் போய்வர, முழங்கால் ஆழத் தண்ணீரிலும் ஓடும் படகுகளைக் கட்டியவர். மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டைமேல் ஏறி இறங்கும். கரையில் மூக்கை இடித்து நிற்கும். தானே பின்வாங்கித் தண்ணீருக்குத் திரும்பும். எதிரிக் கரையில் ஆளை இறக்க இதைவிட வேறென்ன வேண்டும்? கடற்படையின் கப்பல் பிரிவு அதிகாரிகளுக்கு மட்டும் இது புரியவே இல்லை. கழுத்தில் டை கட்டிய பொறியாளர்கள் வரைந்த படம் இருக்க, தெற்கத்தி மரக்கடைக்காரன் கட்டிய படகை யார் சீந்துவார்கள்?

பீரங்கி வண்டியைச் சுமக்கும் படகு ஒன்று வேண்டும் என்றார்கள். 61 மணி நேரத்தில் கட்டி நிறுத்தினார் மனிதர். அப்படியும் தங்கள் வடிவத்தைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். ஹிக்கின்ஸ் விடவில்லை. அவருடைய தொழிற்சாலைக் கழிப்பறைச் சுவரில் ஹிட்லர், முசோலினி, ஹிரோஹிட்டோ மூவரும் கழிப்பறைப் பீடத்தில் உட்கார்ந்திருக்கும் படம் ஒட்டியிருந்தது. இங்கே உட்கார்ந்து நேரம் போக்கினால் லாபம் எங்களுக்கு என்று அவர்களே தொழிலாளிக்குச் சொல்வதுபோல. அப்படிப்பட்டவர் அதிகாரிகளை மட்டும் சும்மா விடுவாரா?

கமிட்டி தலையிட்டதும் இரண்டு படகுகளையும் நேருக்கு நேர் மோதவிட வேண்டியதாயிற்று. 1942 மே 25, நார்ஃபோக் கடல். அலை பலமாக இருந்தது. இரண்டிலும் 30 டன் பீரங்கி வண்டி. கடற்படையின் படகு தண்ணீரை வாரிக் குடித்துத் தள்ளாடியது. அதில் இருந்தவர்கள் எந்த நொடியும் குதிக்கத் தயாராக விளிம்பில் நின்றார்கள். கடைசியில் அது துறைமுகத்துக்கே திரும்பிவிட்டது. ஹிக்கின்ஸ் படகு நேரே கரைக்குப் போய் வண்டியை இறக்கியது.

நான் இந்தத் தொடரை எழுத ஒப்புக்கொண்டதே இந்த ஒரு பகலுக்காகத்தான். பொதுவாகத் தணிக்கை என்பது பிணப் பரிசோதனை. பணம் போன பிறகு, ஆள் ஓய்வு பெற்ற பிறகு, தடிமனான அறிக்கை வரும். ட்ரூமன் நோயாளிக்கு உயிர் இருக்கும்போதே நாடி பிடித்தார். ஐந்து வருடத்துக்கும் மேலாக உதவாத வடிவத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று 1942 ஆகஸ்டில் கடற்படை அமைச்சர் நாக்ஸுக்கே எழுதினார். அதே சமயம், போரை எப்படி நடத்துவது என்று தளபதிகளுக்குப் பாடம் எடுக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அப்படி மூக்கை நுழைத்த நாடாளுமன்றக் கமிட்டியின் கதையைப் படித்து, அந்த வழியே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தார். ஹிக்கின்ஸ் நாயகன், அந்தப் பொறியாளர்கள் வில்லன்கள் என்று நான் எழுதுவதில் சில வாசகர்களுக்கு வருத்தம் இருக்கலாம். இருக்கட்டும். ஹிக்கின்ஸ் படகுகளில் நார்மண்டிக் கரையில் இறங்கிய பையன்கள் யார் பக்கம் நிற்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஹிக்கின்ஸ்தான் நமக்குப் போரை ஜெயித்துக் கொடுத்தவர் என்று பின்னாளில் ஐசன்ஹோவரே சொன்னார்.

பக்கம் தீரப் போகிறது. தொலைபேசி அழைப்பு.

வாஷிங்டன் மாநிலத்தில் பாஸ்கோ ஊருக்குப் பக்கத்தில் ஏதோ பிரமாண்டமான ஆலை எழும்புகிறது. எதற்கென்று கமிட்டிக்குத் தெரியவில்லை. ஃபுல்டனின் ஆட்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். போர் அமைச்சர் ஸ்டிம்சன் ட்ரூமனைக் கூப்பிட்டு, அது ரகசியம், உலகத்திலேயே இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும் என்றார். இனி ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம் என்று ட்ரூமன் சட்டென ஒதுங்கிக்கொண்டார். திருகாணிக்கும் கணக்குக் கேட்டவர், அணுகுண்டுக்காகச் சுமார் 200 கோடி டாலர் போகும் வழியைத் திரும்பிப் பார்க்கவில்லை. முழுக்க என்றும் சொல்ல முடியாது. அடுத்த மார்ச்சில் மறுபடி கேட்டுப் பார்த்தார். ஸ்டிம்சன் மறுத்துவிட்டு, தொல்லை பிடித்த மனிதர் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

1945 ஏப்ரல் 12 மாலை ரூஸ்வெல்ட் இறந்துபோனார். துணை ஜனாதிபதியாக இருந்த ட்ரூமன் பதவியேற்றார். எல்லோரும் எழுந்து போன பிறகு, ஸ்டிம்சன் மட்டும் பின்தங்கினார். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றார்.