பாசி வடிகட்டி

பாசி வடிகட்டி என்பது கடல்நீர் மீன்தொட்டிகளில் சேரும் நைட்ரேட், பாஸ்பேட் முதலிய கழிவுச் சத்துக்களைப் பாசியின் வளர்ச்சியைக் கொண்டு நீக்கும் ஒரு கருவியாகும். பெயரைக் கொண்டு இதனைப் பாசியை வடித்து எடுக்கும் கருவி எனக் கருதக்கூடாது. இங்குப் பாசியே வடிகட்டியாகச் செயற்படுகிறது. தொட்டிக்கு வெளியே ஒரு திரையில் பாசி வேண்டுமென்றே வளர்க்கப்பட்டு, குறித்த காலத்திற்கு ஒருமுறை அறுவடை செய்யப்படுகிறது. எளிய பொருட்களைக் கொண்டு அமைக்கத்தக்கது என்பதால் வீட்டில் மீன் வளர்ப்போர் பலர் இதனைத் தாமே செய்துகொள்கின்றனர்.

வரலாறு

இம்முறையை உருவாக்கியவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த பாசியியல் அறிஞர் வால்ட்டர் ஏடி ஆவார். பவளப்பாறைகளின் மேல் குட்டையான புல்தரை போலப் படர்ந்திருக்கும் பாசிகள் மிக விரைவாக வளர்வதை அவர் ஆராய்ந்தார். அதன் அடிப்படையில், வாசிங்டன் நகரின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1980 இல் திறக்கப்பட்ட பவளப்பாறைத் தொட்டியில் பாசித் திரைகள் பயன்படுத்தப்பட்டன. 1982 இல் இக்கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஏடி, கேரன் லவ்லேண்டு என்பவருடன் இணைந்து எழுதிய "டைனமிக் அக்வாரியா" என்னும் நூல் 1991 இல் வெளிவந்தது. ஆசுத்திரேலியாவின் டவுன்சுவில் நகரில் 1987 இல் திறக்கப்பட்ட பெருந்தடுப்புப் பவளத்திட்டுக் காட்சியகத்திலும், ஆரிசோனாவில் உள்ள "பயோஸ்பியர் 2" ஆய்வகத்தின் செயற்கைக் கடலிலும் இம்முறை கையாளப்பட்டது.

ஏடியின் அமைப்பில் திரை கிடைமட்டமாக இருந்தது. நீர் நிறைந்ததும் தானே கவிழும் ஒரு வாளி அதன்மீது அலை போல நீரைக் கொட்டியது. 2000களின் பிற்பகுதியில், செங்குத்தான திரையின் இருபுறமும் நீர் வழிந்தோடும் அருவி வகை வீட்டு வளர்ப்போரிடையே பரவியது. அசையும் வாளி இல்லாமையால் இதனை அமைப்பது எளிது.

செயற்படும் முறை

மீன்களுக்கு இடப்படும் உணவே தொட்டியில் சேரும் சத்துக்களின் முதன்மையான மூலமாகும். மீன்களின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. பாக்டீரியாக்கள் இதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் நீரிலேயே தங்கிச் சேர்கிறது. பாஸ்பேட்டும் இவ்வாறே சேர்கிறது. இவை மிகுந்தால் தொட்டியின் பாறைகளில் வேண்டாத பாசி படர்ந்து பவளங்களை மூடக்கூடும். பாஸ்பேட் மிகுதி கற்பவளங்களின் சுண்ணாம்புக்கூடு வளர்வதையும் தடுக்கும்.

பாசி வளர்வதற்கும் இச்சத்துக்களே தேவை. தொட்டியில் உள்ளதைவிடச் செறிவான ஒளியும் விரைவான நீரோட்டமும் திரையில் கிடைப்பதால், பாசி தொட்டியை விடுத்துத் திரையில் மிகுதியாக வளர்கிறது. மெல்லிய படலமாக ஓடும் நீர் புதிய சத்துக்களைப் பாசியின் இழைகளுக்கு இடைவிடாது கொண்டுவருகிறது. ஒளிச்சேர்க்கையின்போது கார்பன் டைஆக்சைடு உறிஞ்சப்பட்டு ஆக்சிசன் வெளியாகிறது.

ஆயினும் திரையில் உள்ள பாசி தொட்டியின் ஒரு பகுதியே. அது அங்கேயே மடிந்தால் உறிஞ்சிய சத்துக்கள் மீண்டும் நீரில் கலந்துவிடும். பாசியைச் சுரண்டித் தொட்டிக்கு வெளியே எடுக்கும்போது மட்டுமே சத்துக்கள் உண்மையில் நீங்குகின்றன. எனவே அறுவடை என்பது வெறும் பராமரிப்பு வேலை அன்று. வடிகட்டுதல் என்பதே அதுதான்.

வீட்டில் அமைத்தல்

அருவி வகைக்குத் தேவையானவை: நீர்மூழ்கிப் பம்பு, 20 முதல் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாய், பூத்தையலுக்குப் பயன்படும் பிளாஸ்டிக் வலை, பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள், விளக்குகள், வழியும் நீரை ஏற்கும் அடித்தொட்டி. செம்பு, பித்தளை ஆகியவை நீரில் படக்கூடாது. கரையும் செம்பு, பவளங்களையும் இறால் போன்ற முதுகெலும்பற்ற உயிரிகளையும் கொல்லும்.

* திரை: வலையின் இருபுறமும் இரம்பப் பல்லால் தேய்க்கப்பட்டு, தொட்டால் முள் போல உறுத்தும் அளவுக்குச் சொரசொரப்பாக்கப்படுகிறது. வழவழப்பான திரையில் பாசி வேர்பிடிப்பதில்லை. சற்றே வளர்ந்ததும் நீரோட்டத்தில் கழன்றுவிடும்.
* குழாய்: குழாயின் அடிப்பக்கத்தில், திரையின் அகலத்திற்கு இணையான நீளத்தில், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளவு வெட்டப்படுகிறது. திரையின் மேல்விளிம்பு இதனுள் செருகப்பட்டுக் கட்டப்படுகிறது. குழாயின் மறுமுனை மூடப்படுகிறது.
* நீரோட்டம்: திரையின் ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத்திற்கும் மணிக்கு ஏறத்தாழ 50 லிட்டர் தேவை. உயரத்திற்கு ஏற்றும்போது பம்பின் திறன் குறைவதால், கணக்கிட்டதைவிடப் பெரிய பம்பைத் தெரிவு செய்வது வழக்கம்.
* ஒளி: இருபுறமும் விளக்குகள் திரைக்கு அருகில் பொருத்தப்படுகின்றன. முன்னர் 2700 முதல் 3000 கெல்வின் வரையான குழல் விளக்குகள் பயன்பட்டன. பின்னர் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு எல்.ஈ.டி. விளக்குகள் பரவலாயின. தொட்டியின் விளக்குகள் அணைந்திருக்கும் இரவில் இவற்றை எரியவிட்டால், இரவில் நீரின் பி.எச். அளவு தாழ்வது குறையும்.

திரையின் அளவு

தொடக்கத்தில் திரையின் பரப்பு தொட்டியின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடப்பட்டது. இருபுறமும் ஒளி பெறும் திரைக்கு, லிட்டருக்கு ஏறத்தாழ 1.7 சதுர சென்டிமீட்டர் என்பது அவ்விதி. இதன்படி 200 லிட்டர் தொட்டிக்கு 340 சதுர சென்டிமீட்டர், அதாவது 20 × 17 சென்டிமீட்டர் திரை தேவை. நீரோட்டம் மணிக்கு 1000 லிட்டர் இருத்தல் வேண்டும்.

ஆனால் சத்துக்கள் சேர்வது நீரின் அளவால் அன்று, உணவின் அளவால். எனவே, நாள்தோறும் இடப்படும் ஒவ்வோர் உறைந்த உணவுக் கட்டிக்கும் ஏறத்தாழ 75 சதுர சென்டிமீட்டர் என்னும் விதி பின்னர் வழக்கத்திற்கு வந்தது. அதே 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு இரண்டு கட்டிகள் மட்டும் இடப்பட்டால் 15 × 10 சென்டிமீட்டர் திரையே போதுமானது. ஒரு புறம் மட்டும் ஒளி பெறும் திரைக்குப் பரப்பு இருமடங்காக வேண்டும். இவை வளர்ப்போரின் பட்டறிவில் விளைந்த தோராய அளவுகளே.

வளர்ச்சியும் அறுவடையும்

புதிய திரையில் முதலில் பழுப்பு நிற வழவழப்பான படலம் தோன்றும். சில வாரங்களில் பச்சை இழைப்பாசிகள் அதன் இடத்தைப் பிடிக்கின்றன. அதன்பின் 7 முதல் 14 நாட்களுக்கு ஒருமுறை அறுவடை செய்யப்படுகிறது. இதனைத் தள்ளிப்போட்டால் மேலடுக்கு ஒளியை மறைக்க, அடியில் உள்ள இழைகள் மடிந்து கழன்றுவிடும். திரை கழற்றப்பட்டுத் தனியிடத்தில் சுரண்டப்படுகிறது. மீண்டும் வளர்வதற்காக மெல்லிய அடுக்கு ஒன்று விட்டுவைக்கப்படுகிறது.

பாசியின் நிறம் அமைப்பின் நிலையைக் காட்டும். பச்சை இழைகள் நல்ல அறிகுறியாகும். கரும்பழுப்பு நிறம் சத்து மிகுதியையோ ஒளிக்குறைவையோ குறிக்கும். மஞ்சள் நிறமான இரப்பர் போன்ற வளர்ச்சி, சத்துக்களுடன் ஒப்பிடுகையில் ஒளி மிகுந்துள்ளதைக் குறிக்கலாம். பாறையிலும் மணலிலும் படிந்துள்ள பாஸ்பேட் மெல்ல நீரில் கரைவதால், பாசி நன்கு வளர்ந்தபோதிலும் சோதனையில் பாஸ்பேட் அளவு சில காலம் குறையாமல் இருக்கக்கூடும்.

பாதுகாப்பு

உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும் என்பதால், தெறிக்கும் துளிகள் விளக்குகளை அடையாதவாறு ஒளி ஊடுருவும் தடுப்பு இடப்பட வேண்டும். மின்கம்பிகள் செருகுமிடத்தைவிடத் தாழ்ந்து தொங்கி மேலேறுமாறு அமைக்கப்பட்டால், கம்பி வழியே வரும் நீர் அத்தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி பொருத்துவது இன்றியமையாதது. நீரில் கையிடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பம்பு நின்றால் குழாய்களில் உள்ள நீர் கீழிறங்கும் என்பதால் அடித்தொட்டியில் அதற்கேற்ற வெற்றிடம் இருத்தல் வேண்டும். நெடுநேர மின்தடையில் திரை காய்ந்து பாசி மடியலாம்.

நிறைகளும் குறைகளும்

நீரில் மிதக்கும் சிற்றுயிர்களை இக்கருவி பெரும்பாலும் அழிப்பதில்லை. பாசியினிடையே சிற்றுயிர்கள் பெருகி மீன்களுக்கு உணவாவதும் உண்டு. மறுபுறம், பாசியிலிருந்து கசியும் கரிமப் பொருட்களால் நீர் மஞ்சள் நிறம் பெறலாம். இதற்குச் செயலூட்டப்பட்ட கரி பயன்படுத்தப்படுகிறது. திடக்கழிவுகளை இக்கருவி அகற்றுவதில்லை. பவளங்களுக்குத் தேவையான கால்சியத்தையும் காரத்தன்மையையும் தருவதில்லை. சத்துக்கள் முற்றிலும் இல்லாது போனால் பவளங்களும் வெளிறி நலிவடையும். ஆகவே பாசி முதிர்ச்சி அடைந்து, சோதனைகளில் நீரின் தரம் சீராக உள்ளது உறுதியாகும் வரை ஏற்கெனவே உள்ள வடிகட்டிகளை நீக்காதிருப்பதே பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்கவும்

* நைட்ரசன் சுழற்சி
* ஒளிச்சேர்க்கை
* பவளப்பாறை
* மீன் காட்சியகம்