1899 கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் பருவம்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த தொழில்முறை பேஸ்பால் அணியான கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ், நேஷனல் லீகில் ஆடிய கடைசிப் பருவம் இது. 154 ஆட்டங்களில் 20 வெற்றி, 134 தோல்வி. 12 அணிகளில் 12ஆம் இடம். முதலிடம் பிடித்த புரூக்ளின் சூப்பர்பாஸ் அணியைவிட 84 ஆட்டங்கள் பின்தங்கி நின்றது. மேஜர் லீக் வரலாற்றில் ஒரே பருவத்தில் இத்தனை தோல்விகளைக் கண்ட அணி வேறில்லை. இதில் ஆட்டக்காரர்களின் பங்கைவிட உரிமையாளர்களின் பங்கே பெரிது.

பின்னணி

ஸ்பைடர்ஸ் தொடக்கத்திலிருந்தே நோஞ்சான் அணியாக இருக்கவில்லை. 1895இல் லீகில் இரண்டாமிடம் பிடித்து, முதலிடத்திலிருந்த பால்டிமோர் ஓரியோல்ஸை டெம்பிள் கோப்பைத் தொடரில் வென்றது. 1898இலும் 81 வெற்றிகளுடன் ஐந்தாமிடம். பிற்காலத்தில் மொத்தம் 511 வெற்றிகளை எட்டி, இன்று சிறந்த பந்தெறிபவருக்கான விருதுக்கே பெயர் தந்திருக்கும் சை யங் அந்த அணியில்தான் ஆடினார். 1895, 1896 ஆகிய இரண்டு பருவங்களிலும் மட்டையடிச் சராசரி .400க்கு மேல் வைத்திருந்த ஜெஸ்ஸி பர்க்கெட்டும் அங்கேதான் இருந்தார்.

குறை கூட்டத்தில் இருந்தது. அணியின் சொந்தக்காரர்களான ஃபிராங்க் ராபிசன், ஸ்டான்லி ராபிசன் சகோதரர்கள் டிராம் தொழிலில் பணம் சேர்த்தவர்கள். கிளீவ்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு எதிர்ப்பு இருந்தது; நுழைவுச்சீட்டு வசூலும் அவர்களுக்குத் திருப்தி தரவில்லை. 1899இன் தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் அணி கடனில் மூழ்கி விற்பனைக்கு வந்தபோது அதையும் வாங்கினார்கள். ஒரே உரிமையாளர் இரண்டு அணிகளை வைத்திருப்பதை லீக் அப்போது தடுக்கவில்லை. சை யங், பர்க்கெட், பாபி வாலஸ், மேலாளர் பேட்சி டிபோ என்று உருப்படியான எல்லாரையும் அங்கே மாற்றி, அந்த அணிக்குப் பெர்ஃபெக்டோஸ் என்று புதுப்பெயரும் சூட்டினார்கள். கிளீவ்லாந்துக்குக் கிடைத்தது மிச்சம் மீதி.

இந்த ஏற்பாட்டை ராபிசன்கள் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஆண்டு வாகை சூடிய புரூக்ளினும் பால்டிமோருடன் உரிமையைப் பகிர்ந்துகொண்டு, அங்கிருந்து நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்த அணிதான். ஆனால் பால்டிமோரில் ஜான் மெக்ரா மேலாளராகத் தங்கிவிட்டார்; எஞ்சியவர்களை வைத்தே நான்காமிடத்துக்கு வந்தார். கிளீவ்லாந்தில் அப்படி ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

பருவம்

ஏப்ரல் 15 அன்று நடந்த முதல் ஆட்டமே செயின்ட் லூயிஸில், தங்கள் பழைய சகாக்களுக்கு எதிராக. 10–1 என்ற கணக்கில் தோற்றார்கள். எதிரணிக்குப் பந்தெறிந்தவர் சை யங். மேலாளர் லேவ் கிராஸின் தலைமையில் 38 ஆட்டங்களில் 8 வெற்றி கிடைத்தது. பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது அதுதான் அணியின் பொற்காலம். ஜூனில் உரிமையாளர்கள் கிராஸையும் செயின்ட் லூயிஸுக்கு அழைத்துக்கொண்டார்கள். பொறுப்பு ஜோ குவின் தலையில் விழுந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்து மேஜர் லீகில் ஆடிய முதல் ஆள் அவர். பேஸ்பால் இல்லாத மாதங்களில் இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளராக இருந்தார். இதை வைத்து நகைச்சுவை செய்யாமலிருப்பது கடினம். அவருடைய கணக்கு 12 வெற்றி, 104 தோல்வி.

உள்ளூர் மக்கள் லீக் பார்க் பக்கம் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். 42 உள்ளூர் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் மொத்தம் 6,088 பேர்; ஆட்டத்துக்குச் சராசரியாக 145. வருகிற அணிக்கும் நுழைவுச்சீட்டுப் பணத்தில் பங்கு உண்டு என்பதால், அந்தப் பங்கு ரயில் செலவுக்கும் விடுதிச் செலவுக்கும் போதாது என்று மற்ற அணிகள் கிளீவ்லாந்துக்கு வர மறுத்தன. ஆகவே ஸ்பைடர்ஸ் ஊர் ஊராகப் போய் ஆட வேண்டியதாயிற்று. பத்திரிகைகள் அவர்களை ‘நாடோடிகள்’ என்றும் ‘மிச்சங்கள்’ என்றும் எழுதின. வெளியூரில் ஆடிய 112 ஆட்டங்களில் 101 தோல்வி. இன்று ஓர் அணி ஒரு பருவத்தில் வெளியூரில் ஆடுவதே 81 ஆட்டங்கள் என்பதால், இந்தச் சாதனையை இனி யாரும் முறியடிக்க வழியில்லை.

பந்தெறிந்தவர்களின் நிலை பரிதாபம். ஜிம் ஹியூகி 4 வென்று 30 தோற்றார். ஃபிராங்க் பேட்ஸ் 1 வென்று 18 தோற்றார். அணி எடுத்த ஓட்டங்கள் 529, விட்டுக்கொடுத்தவை 1,252. இடையில் தொடர்ச்சியாக 24 தோல்விகள். கடைசி 41 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. அக்டோபர் 15 அன்று சின்சினாட்டியில் நடந்த இறுதி ஆட்டத்தில், விடுதியின் சுருட்டுக் கடையில் வேலை பார்த்த இளைஞர் ஒருவரையே பந்தெறிய நிறுத்தினார்கள். முடிவு 19–3. அவருடைய மேஜர் லீக் வாழ்க்கையும் அந்த ஒரு நாளோடு சரி.

பின்விளைவு

இத்தனையும் செய்து பெர்ஃபெக்டோஸ் பிடித்தது ஐந்தாமிடம். 84 வெற்றி, 67 தோல்வி. முந்தைய ஆண்டு இதே ஆட்டக்காரர்கள் கிளீவ்லாந்தில் பிடித்ததும் ஐந்தாமிடமே. செயின்ட் லூயிஸ் அணி 1900 முதல் கார்டினல்ஸ் என்ற பெயரில் இன்றுவரை ஆடுகிறது. பருவம் முடிந்ததும் நேஷனல் லீக் கிளீவ்லாந்து, பால்டிமோர், லூயிவில், வாஷிங்டன் ஆகிய நான்கு அணிகளை நீக்கி எட்டாகச் சுருங்கியது. காலியான நகரங்களை அமெரிக்கன் லீக் பயன்படுத்திக்கொண்டது; 1901இல் அது மேஜர் லீகாகத் தன்னை அறிவித்தபோது கிளீவ்லாந்துக்கு அதில் ஓர் அணி இருந்தது. இரண்டு அணிகளில் ஒரே ஆளுக்குப் பங்கு இருக்கக்கூடாது என்ற விதி 1910இல் வந்தது.